விற்பதா, வைத்திருப்பதா?

இல்லமும் உள்ளமும் (மாதப் பகுதி)



ஒரு பொருளை வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நமக்கு எடுத்துரைக்க எத்தனையோ பேர் இருக்கின்றனர். கடைக்காரர் கூறுவார், விளம்பரம் கூறும், முன்னரே வாங்கிய உறவினர் கூறுவார். ஆனால் வாங்கிய ஒன்றை எப்போது கைவிட வேண்டும், எந்த மனநிலையோடு கைவிட வேண்டும் என்று எடுத்துரைப்பார் அரிது. அதனால்தான் நம் வீடுகளில் பொருள்கள் வந்த வழி தெரிகிறது. போகும் வழி தெரிவதில்லை. பரண் நிறைகிறது, அலமாரி நிறைகிறது, பின்னர் மனமும் நிறைந்து இடமின்றித் தவிக்கிறது.

இம்மாதம் இப்பகுதிக்கு எடுத்துக்கொண்ட செய்தி சற்றுப் புதுமையானது. என்னிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றில் தம் வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறார். இஸ்லாமியப் பாடல்கள், சிறுவர்களுக்கான கதை ஒலிப்பதிவுகள், பள்ளி ஆண்டுவிழாக்களுக்கான பின்னணி இசை, உள்ளூர்க் கடைகளுக்கான ஒலிபெருக்கி விளம்பரங்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்து கொடுப்பதே அவருடைய தொழில். அந்த அறையின் நடுநாயகமாக விளங்குவது 88 கட்டைகள் கொண்ட, ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள ஒரு சின்தசைசர். வளைகுடாவில் ஆறாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் மூன்றரை லட்ச ரூபாய் கொடுத்து அவர் வாங்கியது அது. இப்போது அதனை விற்றுவிட்டு அறையைச் சுருக்கிக்கொள்ளலாமா என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கிறது. எண்ணம் வந்து ஓராண்டாகியும் முடிவு வரவில்லை. "ஹஜ்ரத், விற்றால் மனம் தாங்காது போலிருக்கிறது, வைத்திருந்தால் வீடு தாங்காது போலிருக்கிறது" என்றார்.

வீடு தாங்காது என்று அவர் கூறியதற்குக் காரணம் உண்டு. அவருடைய வீடு சிறியது. கீழ்த்தளத்தில் இரண்டே அறைகள். அவற்றுள் ஒன்று ஒலிப்பதிவு அறையாகிவிட்டது. அவருடைய உம்மாவுக்கு முழங்கால் வலி முற்றிவிட்டது. மாடியறையிலிருந்து அவர் நாளைக்கு ஒருமுறை இறங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. அறையில் உள்ளவற்றைக் குறைத்தால் மாடியில் ஒரு மூலையே பதிவுக்குப் போதும். உம்மா கீழே வந்துவிடலாம் என்பது அவருடைய மனைவியின் யோசனை. ஆகவே இதனை ஓர் இசைக்கலைஞரின் ஆசை, நிராசை என்று மட்டும் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பும், ஒரு தாயின் முழங்காலும், ஒரு மனிதரின் ஆறாண்டு வியர்வையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். அதனை இங்கே விவாதிப்பது என் நோக்கமன்று. அதற்குரிய இடமும் இதுவன்று. விலையுயர்ந்த ஒரு தொழிற்கருவியை வைத்திருப்பதா, விற்பதா என்ற வினா எல்லா இல்லங்களுக்கும் பொதுவானது. தையல் இயந்திரம் வைத்திருப்பவரும், மூடிக்கிடக்கும் மகிழுந்து வைத்திருப்பவரும் இதனைத் தம் வினாவாகவே கொள்ளலாம்.

கருவி வந்த வழி

தானே இசைக்கும் கருவி என்ற கனவு மிகப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்கள் மூவர், நீரின் விசையால் இயங்கித் தானே குழலிசைக்கும் ஒரு கருவியைப் பற்றி எழுதி வைத்தனர். முளைகள் பதித்த உருளை ஒன்று சுழல, எந்தத் துளை எப்போது திறக்க வேண்டும் என்பதை அம்முளைகளே தீர்மானிக்கும் அமைப்பு அது. இன்றைய கணினி இசைக்கு மூதாதை என்று அதனைக் கூறுவோர் உண்டு.

மின்னால் ஒலியை உருவாக்கும் சின்தசைசர் நம் காலத்தது. அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964இல் தம் கருவியை வெளியிட்டார். அன்று அது ஓர் அலமாரியளவு இருந்தது; கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகினால்தான் ஒலி மாறும். 1970இல் அவருடைய நிறுவனம் மேசைமேல் வைக்கத்தக்க மினிமூக் என்னும் கருவியைக் கொண்டுவந்தது. 1983இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் டி.எக்ஸ்.7 என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. அது ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்பனையானதாகக் கூறுவர். அதே 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 'மிடி' என்னும் பொது ஏற்பாடும் வந்தது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும், ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றனர்.

இந்த மிடி என்பது ஒலியைச் சுமந்து செல்வதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தத்தோடு அழுத்தப்பட்டது என்ற கட்டளையை மட்டும் அது சுமந்து செல்கிறது. கட்டளையைப் பெறுவது எதுவாயினும் அது ஒலி எழுப்பும். விரல் ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் இருக்கலாம் என்ற நிலை அன்றே உண்டாகிவிட்டது. இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். நம் மாணவரின் சிக்கலுக்கு வேர் இதில்தான் இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இக்கருவி முன்னரே வந்துவிட்டது. ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மூக் கருவி நிறுவப்பட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அதனை அமைத்துக் கொடுத்தார். சில ஆண்டுகளே அந்த ஒலிப்பதிவு அறை இயங்கிற்று. பல்லாண்டுகள் கழித்து, அங்கே உருவான ஒலிநாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டு 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அக்காலத்தில் எல்லாரும் வியந்து பார்த்தது அந்தப் பெருங்கருவியைத்தான். இன்று நம் செவிக்கு எட்டியிருப்பதோ அதனைக் கொண்டு சிலர் செய்த வேலை.

குறிப்பேடு கூறிய கணக்கு

மாணவர் என்னிடம் வந்தபோது விற்கவும் சொல்லவில்லை, வைத்திருக்கவும் சொல்லவில்லை. "தம்பி, ஒரு குறிப்பேடு போடு. மூன்று மாதம் எந்த வேலைக்கு எந்தக் கருவி பயன்பட்டது என்று அன்றன்றே எழுது. மனம் கூறும் கணக்கு வேறு, ஏடு கூறும் கணக்கு வேறு" என்றேன். அவரும் எழுதி வந்தார்.

மூன்று மாதத்தில் 42 வேலைகள் நடந்திருந்தன. அவற்றுள் சின்தசைசரின் சொந்த ஒலி இடம்பெற்றவை 9. அந்த ஒன்பதிலும் ஆறு வேலைகளில் அவர் எடுத்தது பியானோ ஒலி. அதற்கு நிகரானது கணினியிலேயே இருக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். எஞ்சியவை மூன்றே மூன்று. மற்ற 33 வேலைகளுள் பெரும்பாலானவற்றில் அவர் அந்தக் கட்டைகளின் முன் அமர்ந்துதான் வாசித்திருக்கிறார். ஆனால் ஒலி வந்தது கணினியிலிருந்து. அதாவது அந்தப் பெருங்கருவி அங்கே வெறும் கட்டைப்பலகையாக, மிடி கட்டளை அனுப்பும் வேலையை மட்டும் செய்திருக்கிறது. அந்த வேலைக்குக் கையடக்கமான ஒரு சிறு கீபோர்டே போதும்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? கருவியில் குறை ஏதுமில்லை. தொழிலின் போக்கு மாறிவிட்டது. இன்று வாடிக்கையாளர் பதிவை வாங்கிச் சென்று பத்து நாள் கழித்து, "இந்த இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத் தாருங்கள்" என்கிறார். கணினிக்குள் உள்ள மென்பொருள் வாத்தியமாயின், கோப்பைத் திறந்தவுடன் பழைய அமைப்பு அப்படியே வந்து நிற்கும், மாற்றிக் கொடுத்துவிடலாம். வெளிக்கருவியாயின் அன்று வைத்திருந்த அமைப்பைத் தேடி எடுக்க வேண்டும். கம்பிகளை இணைக்க வேண்டும். ஒலியளவைச் சரிசெய்ய வேண்டும். முழுப் பாடலையும் மறுபடி ஓடவிட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஐந்து நிமிடப் பாடலை ஐந்து நிமிடத்துக்குக் குறைவாகப் பதிய முடியாது. அவசரத்தில் இருக்கும் மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இவை போக, கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. கடற்கரை ஊரின் உப்புக்காற்றும் ஈரமும் மின்கருவிகளுக்குப் பகை. கட்டைகளுக்கு அடியிலுள்ள தொடுமுனைகளில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் சில கட்டைகள் ஊமையாகும். சில திடீரென்று உரத்துக் கத்தும். பழுது பார்ப்பவரோ பெருநகரத்தில் இருக்கிறார். முப்பது கிலோ எடையை இருவர் பிடித்து, வண்டி வைத்துக் கொண்டுபோக வேண்டும். நாள்தோறும் துணி போர்த்திக் காக்கும் பொறுப்பு வேறு. இந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்று கேட்டேன். மாணவர் சிரித்தார், அவருடைய மனைவியின் தலையில்தான்.

வைத்திருப்போரின் நியாயம்

இவ்வளவையும் படித்த பின், விற்க வேண்டியதுதானே என்று வாசகர்கள் அவசரப்பட வேண்டா. மறுபக்கத்திலும் வலுவான நியாயங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேளாமல் தீர்ப்புக் கூறுவது நீதியாகாது.

முதலாவது, விரலின் நியாயம். அந்த 88 கட்டைகளும் பியானோவைப் போல் கனத்துடன் அமைந்தவை. மெல்ல அழுத்தினால் மெல்லப் பேசும். ஊன்றினால் ஊன்றிப் பேசும். மலிவான சிறு கீபோர்டின் கட்டைகள் அவ்வாறு கையோடு உறவாடுவதில்லை. இரு கைகளையும் விரித்து வாசித்துப் பழகியவருக்கு 49 கட்டைகள், சிறு பாயில் இருவர் படுத்த கதைதான்.

இரண்டாவது, நிலைத்தன்மையின் நியாயம். கருவி மின்விசையைத் தட்டியவுடன் எழுந்து நிற்கும். கணினியோ இன்று இயங்கும். நாளை அதன் இயங்குதளத்தை மாற்றினால் பழைய மென்பொருள் இயங்க மறுக்கும். சில மென்பொருள்களுக்கு மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. கட்டுவதை நிறுத்தினால் வாத்தியமும் நின்றுவிடும்.

மூன்றாவது, வரலாற்றின் நியாயம். 1983இல் டி.எக்ஸ்.7 வந்தபோது, பழைய மினிமூக் போன்றவற்றைக் காலாவதியானவை என்று கருதிப் பலர் சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டனர். பின்னாளில் அவற்றின் மதிப்புப் பன்மடங்கு ஏறிற்று. மூக் நிறுவனமே 2016இல் மினிமூக்கை மறுபடி தயாரித்து விற்கும் நிலை வந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.303 என்ற சிறு கருவி 1980களின் தொடக்கத்தில் வந்து, வாங்குவாரின்றி 1984இல் உற்பத்தி நின்றுபோனது. பழைய பொருள் கடைகளில் கிடந்த அதனை அமெரிக்காவின் சிகாகோ நகரத்து இளைஞர்கள் மலிவாக வாங்கி, யாரும் எதிர்பாராத வகையில் இயக்கி, ஒரு புதிய இசை வகையையே உண்டாக்கினர். இன்று அக்கருவியின் விலை பழைய விலையைப் போல் பல மடங்கு.

ஆயினும் இந்த மூன்றாவது நியாயத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. அவ்வாறு விலை ஏறியவை பெரும்பாலும் பழைய மின்சுற்றுக் கருவிகள், எண்ணிக்கையில் குறைந்தவை. நம் மாணவரிடம் இருப்பதைப் போன்ற எண்முறைக் கருவிகளின் நிலை பொதுவாக வேறு. அடுத்த மாதிரி வந்தவுடன் முந்தையதன் விலை இறங்குகிறது. 1988இல் கோர்க் நிறுவனம் வெளியிட்ட எம்1 என்ற கருவி ஒரு காலத்தில் உலகெங்கும் ஒலித்தது. அதன் ஒலிகளை இன்று அந்நிறுவனமே மென்பொருளாக, அதன் அன்றைய விலையில் ஒரு சிறு பங்குக்குக் கொடுக்கிறது. என்றோ ஒருநாள் விலை ஏறும் என்று எண்ணி இன்று உம்மாவை மாடிப்படியில் ஏற்றி இறக்குவது நியாயமான வியாபாரமாகாது.

நான்காவது நியாயம் எல்லாவற்றிலும் கனமானது. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானின் தந்தையார் ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற சொத்து அவருடைய இசைக்கருவிகள். அவற்றை விற்றுக் கிடைக்கும் பணத்தின் வட்டியில் வாழலாம் என்று சிலர் யோசனை கூறினர் என்றும், பின்னாளில் கரீமா பேகம் என்று அறியப்பட்ட தம் தாயார் அதற்கு இசையவில்லை என்றும் ரஹ்மான் கூறியிருக்கிறார். கருவிகள் வாடகைக்குச் சென்றன. குடும்பம் அந்த வருவாயில் பிழைத்தது. பின்னர் 1989 வாக்கில் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து ஒலிப்பதிவுக்கூடம் எழுந்தபோது, தாயார் தம் நகைகளைக் கொடுத்து உதவினார் என்பதும் அவர் வாயிலாகவே வெளிவந்த செய்தி. அன்று அந்தக் கருவிகளை விற்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரால் கூற முடியும்?

இச்செய்தியை நம் மாணவரும் அறிவார். அதனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக் கூறவும் செய்தார். நான் அவரிடம் கூறியது இதுதான்: "அந்தத் தாயார் கருவிகளைத் துணி போர்த்தி வைத்திருக்கவில்லை, தம்பி. அவற்றை வேலைக்கு அனுப்பினார். அவை உழைத்துக் குடும்பத்துக்குச் சோறு போட்டன. உன் கருவி உழைக்கிறதா என்று உன் ஏட்டைக் கேள்." அவர் சற்று நேரம் பேசவில்லை. வாடகைக்கு விட்டுப் பார்க்கலாமே என்று பிறகு கேட்டார். நல்ல யோசனை, ஆனால் முப்பது கிலோ கருவியை வாடகைக்கு அழைத்துச் செல்லும் அளவுக்கு அச்சிற்றூரில் மேடைக் கச்சேரிகள் இல்லை. சென்னையில் செல்லுபடியாகும் வழி எல்லா ஊரிலும் செல்லுபடியாவதில்லை.

ஆறாண்டுகள் எங்கே இருக்கின்றன?

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் அவருடைய மனம் ஏன் ஒப்பவில்லை? அதற்கான விடையை அவரே கூறினார். "ஹஜ்ரத், அந்தக் கருவியைப் பார்த்தால் எனக்குப் பாலைவனத்து வெயில் நினைவுக்கு வருகிறது. பிள்ளை பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டவன் நான். வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்து சேர முடியாதவன். அந்த ஆறு வருடத்துக்கு எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் விற்றுவிட்டால் அந்த வருடங்கள் எங்கே?"

இந்த வினாவுக்கு முன் எந்தக் கணக்கும் சிறியதே. நம்மில் எத்தனை குடும்பங்கள் இதே வினாவோடு வாழ்கின்றன! வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவரின் வீட்டுக்குச் சென்று பாருங்கள். யாரும் அமராத சோபா, யாரும் தொடாத தேநீர்க் கோப்பைகள், பெட்டியை விட்டு வெளிவராத கம்பளங்கள். அவற்றை ஆடம்பரம் என்று கண்டிப்பது எளிது. அவை ஒருவர் தம் இளமைக்கு எழுப்பிக்கொண்ட நினைவுச் சின்னங்கள் என்பதை உணர்ந்த பின் கண்டிக்க நா எழுவதில்லை.

ஆயினும் ஓர் உண்மையை அன்போடு கூறத்தான் வேண்டும். செலவழிந்த ஆண்டுகள் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அவர் அனுப்பிய பணத்தில் தங்கைக்குத் திருமணம் நடந்தது, அதில் இருக்கின்றன. கூரை வீடு ஓட்டு வீடானது, அதில் இருக்கின்றன. கையில் ஒரு தொழில் இருக்கிறது, அத்தொழிலைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வாசலுக்கு வருகிறார்கள், அதிலும் இருக்கின்றன. கொடுத்த மூன்றரை லட்சமோ, விற்றாலும் விற்காவிட்டாலும் திரும்பி வரப்போவதில்லை. எனவே "எவ்வளவு கொடுத்து வாங்கினேன்" என்பது இன்று கேட்க வேண்டிய கேள்வியன்று. "இன்று இதனை விற்றால் கிடைக்கும் தொகை என் கையில் ரொக்கமாக இருந்தால், அதைக் கொண்டு இக்கருவியை மறுபடி வாங்குவேனா?" என்பதே கேட்க வேண்டியது. அவர் அந்தக் கேள்விக்கு நெடுநேரம் விடை கூறவில்லை. பின்பு, "வாங்கமாட்டேன், உம்மாவுக்கு அறையைச் சரிசெய்வேன், நல்ல மைக் ஒன்று வாங்குவேன்" என்றார்.

நல்ல மைக் என்று அவர் கூறியது சிந்திக்கத்தக்கது. அவருடைய வேலைகளில் மிகுதியும் மனிதக் குரலைச் சார்ந்தவை. 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல்களை இன்றும் கேட்கிறோம். பின்னணியில் என்ன வாத்தியம் ஒலித்தது என்று கேட்டால் பலருக்கும் நினைவிராது. நெஞ்சில் நிற்பது அந்தக் குரல். குரலை நம்பிப் பிழைக்கும் அறையில் குரலைப் பிடிக்கும் கருவிக்கே முதலிடம் தர வேண்டும்.

விற்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு

முடிவை உடனே நிறைவேற்ற வேண்டா என்று கூறி, நாற்பது நாள் ஒத்திகை ஒன்று வைத்தோம். கருவியைக் கழற்றிப் போர்த்தி ஒரு மூலையில் நிறுத்தினார். நண்பரிடம் ஒரு சிறு கீபோர்டை இரவல் பெற்று வேலை செய்தார். தமக்கு மிகவும் பிடித்த ஒலிகளை முன்னதாகவே சுரம் சுரமாகக் கணினியில் பதிந்துகொண்டார். தாம் உருவாக்கிய அமைப்புகளையும் படியெடுத்து வைத்துக்கொண்டார். நாற்பது நாளில் இருமுறை மட்டும் அந்தக் கருவியின் தேவை உண்மையாகவே எழுந்தது. இருமுறையும் வேறு வழியில் வேலை முடிந்தது. ஒருமுறை முடிந்தவிதம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அந்தக் குறையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே அவர் முடிவெடுத்தார். சுருக்கிக்கொள்வதில் இழப்பே இல்லை என்று கூறுவோர் பேச்சை நான் ஏற்பதில்லை. இழப்பு உண்டு, அதனை அறிந்து ஏற்பதுதான் சுருக்கம்.

விற்கும்போது குறைகளை முதலில் கூற வேண்டும். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நிகழ்ச்சியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அக்கருவியின் மேல்வரிசையில் இரண்டு கட்டைகள் ஈரக்காலத்தில் சற்றே தடுமாறும். மாணவர் அதனை ஒரு தாளில் எழுதி, வாங்க வந்தவரிடம் முதலில் கொடுத்தார். வாசித்துக் காட்டியும் நிரூபித்தார். விலையில் சிறிது குறைந்தது. குறைந்தால் குறையட்டும், மிஞ்சியதில் பரக்கத் இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் நினைவூட்டினேன். தொழிலுக்காகப் பயன்படுத்தும் கருவிக்கு ஜகாத் இல்லை. ஆனால் அதனை விற்று வந்த பணம் ரொக்கமாகிவிடுகிறது. மற்றச் சேமிப்போடு சேர்ந்து நிஸாப் அளவை எட்டி ஒரு சந்திர ஆண்டு கையில் தங்கினால் நாற்பதில் ஒரு பங்கு கடமையாகும். மூலையில் பொருளாக உறங்கிய செல்வம், பணமாகும்போது ஏழையின் பங்கையும் உடன் கொண்டுவருகிறது.

வாங்கியவர் யார் என்பதைக் கூறாவிட்டால் இக்கட்டுரை நிறைவுறாது. அண்டை மாவட்டத்தில் மாணவர்களுக்குப் பியானோ கற்பிக்கும் ஓர் இளைஞர். அவருக்குக் கணினி தேவையில்லை; 88 கட்டைகள்தாம் தேவை. நாளொன்றுக்கு ஆறேழு பிள்ளைகளின் விரல்கள் இப்போது அதன்மேல் ஓடுகின்றன. மாணவரின் வீட்டில் ஒலிப்பதிவு மாடி மூலைக்குச் சென்றுவிட்டது: ஒரு கணினி, ஒரு மைக், ஒரு சிறு கீபோர்டு, காதில் மாட்டும் ஒலிப்பான். உம்மா கீழறையில் இருக்கிறார். பியானோ போன்ற கட்டைகளுக்கு விரல் இன்னும் ஏங்குகிறது என்று மாணவர் அண்மையில் கூறினார். ஏங்கட்டும்; அந்த ஏக்கத்துக்கு வாடகை இல்லை, இடமும் வேண்டா.

வாசகச் சகோதர சகோதரிகளே! எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்பது என் வேண்டுகோளன்று. அவருடைய ஏட்டில் ஒன்பதுக்குப் பதிலாக முப்பது வேலைகள் எழுதப்பட்டிருந்தால், அக்கருவிக்காக வேறு இடம் தேடுமாறு நானே கூறியிருப்பேன். உங்கள் இல்லத்திலும் துணி போர்த்திய பொருள் ஒன்று இருக்கக்கூடும். அதன்மேல் உள்ள தூசியைத் துடைப்பவர் யார், அது கடைசியாக உழைத்தது எந்நாள், அது பிடித்துக்கொண்டிருக்கும் இடம் வீட்டில் வேறு யாருக்குத் தேவை என்ற மூன்று வினாக்களைக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டுப் பாருங்கள். மூன்று மாதக் குறிப்பேடு ஒன்றும் போடுங்கள். வைத்திருப்பது என்று முடிவானால் நாளையே துணியை விலக்கி அதனை வேலைக்கு அழையுங்கள். விற்பது என்று முடிவானால் அதனை உழைக்க வைக்கும் கைகளைத் தேடிக் கொடுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு சிந்தனையோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.